செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடல்: ஊர்ப்பொது நிலமும் விளையாட்டுரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் எனப் பெயர் பெற்றது. அந்நகரத்துத் திடலின் வரலாறு பெரும்பாலும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கழகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எனினும், கழகம் தோன்றுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்நிலத்தில் ஊராருக்கு விளையாட்டுரிமை உண்டென்பது எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. நிலம் பலமுறை கைமாறியபோதும் அவ்வுரிமை மட்டும் ஊராரிடமே நிலைத்த முறையை 1552ஆம் ஆண்டு ஆவணம், 1799 முதல் 1821 வரை நீடித்த முயல் வழக்கு, 1894, 1974ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. வழக்கில் முன்நின்ற ஹியூ கிளெக்ஹார்னுக்கும் இலங்கை, சென்னை வரலாறுகளுக்கும் உள்ள தொடர்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: செயின்ட் ஆண்ட்ரூஸ், கோல்ஃப், ஊர்ப்பொது நிலம், வழக்காற்றுரிமை, கிளெக்ஹார்ன், முயல் வழக்கு

நிலத்தின் இயல்பு

கோல்ஃப் திடலைக் குறிக்க ஸ்காட்லாந்தில் வழங்கும் ‘லிங்க்ஸ்’ என்னும் சொல் முதலில் ஒரு நிலவகையின் பெயராகவே இருந்தது. கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையில், காற்று குவித்த மணல்மேடுகளின்மேல் குறும்புல் படர்ந்த பரப்பே லிங்க்ஸ் ஆகும். தமிழ் மரபில் நெய்தலின் கானலையும், தென்கோடி மாவட்டங்களின் தேரிக்காட்டையும் அறிந்தவர்க்கு இந்நிலவகையை உணர்தல் எளிது. உழவுக்கு உதவாத, நீர் தங்காத மண் இது. ஆயினும் பயனற்ற மண் அன்று. ஊரார் இதில் ஆடு மேய்த்தனர், கூரைக்கும் சுவருக்கும் புற்கரணை வெட்டினர், துணி உலர்த்தினர், வில் பழகினர், பந்து ஆடினர். வருவாய்த்துறையின் சொல்லால் ‘தரிசு’ எனப்படும் நிலங்கள் பெரும்பாலும் ஊராரின் அன்றாட வாழ்வில் மிகுதியாகப் புழங்கப்படும் நிலங்களாகவே இருந்துள்ளன என்பதைத் தமிழகத்து மந்தைவெளி, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றின் வரலாறும் காட்டும்.

ஃபைஃப் பகுதியில் அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ், 12ஆம் நூற்றாண்டில் நகர உரிமை பெற்றது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தலைமையிடமாகவும், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பல்கலைக்கழக நகரமாகவும் விளங்கியது. ஊருக்கு மேற்கே, கடலுக்கும் ஈடன் ஆற்று முகத்துவாரத்துக்கும் இடையில் நீண்டு கிடந்த மணற்புல்வெளியே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற திடலாயிற்று. அங்கு ஆட்டம் எப்போது தொடங்கியது என்பதற்கு நாள் குறிக்க இயலாது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457இல் கால்பந்தையும் கோல்ஃபையும் தடைசெய்தது. மக்கள் விற்பயிற்சியைக் கைவிட்டு இவ்வாட்டங்களில் பொழுது போக்குகின்றனர் என்பதே காரணம். 1471, 1491 ஆகிய ஆண்டுகளிலும் அத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது. ஒரு தடை மும்முறை விதிக்கப்படுவது அது பின்பற்றப்படவில்லை என்பதற்கே சான்றாகும்.

1552ஆம் ஆண்டு ஆவணம்

திடலின் வரலாற்றில் முதன்மையான எழுத்துச் சான்று, பேராயர் ஜான் ஹாமில்டனின் பெயரால் 1552இல் எழுதப்பட்ட ஆவணமாகும். பேராயர் ஊர்மக்களுக்குக் கோல்ஃப் ஆடும் உரிமையை ‘வழங்கினார்’ என்று பொதுநிலை நூல்கள் இதனைக் குறிப்பிடுவது வழக்கம். ஆவணத்தின் போக்கு இதற்கு நேர்மாறானது. திடலின் வடபகுதியில் முயல் வளர்க்கப் பேராயர் விரும்புகிறார். அதற்கு நகரத்தாரின் இசைவைப் பெறுகிறார். இசைவு பெற்றமைக்கு ஈடாக, கோல்ஃப், கால்பந்து, அம்பெய்தல் உள்ளிட்ட எல்லா விளையாட்டுகளுக்கும், புல் வெட்டுதல், மேய்ச்சல் ஆகியவற்றுக்கும் ஊராருக்குள்ள உரிமை தம்மால் குலையாது என ஒப்புக்கொள்கிறார்.

ஆகவே உரிமையைத் தந்தவர் பேராயர் அல்லர். அனுமதி பெற்றவரே அவர். ஏற்கெனவே நிலவிய ஒரு வழக்காறு எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டதே இவ்வாவணத்தின் பொருள். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் வழங்கப்பட்ட உரிமையை வழங்கியவரே திரும்பப் பெறக்கூடும். ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமைக்கு அந்நிலை இல்லை. இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த வழக்கில் ஊரார் நின்ற தளம் இதுவே.

சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் பேராயர்களின் செல்வாக்கு மங்கியது, நகரமும் நலிந்தது. ஆட்டம் மட்டும் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நேரத்தில் திடலுக்குச் சென்றவர்களைத் திருச்சபை மன்றம் கண்டித்துத் தண்டம் விதித்த செய்திகள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கின்றன.

கழகம் வந்த வரிசை

1754ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், ஃபைஃப் பகுதியைச் சார்ந்த பிரபுக்களும் நிலக்கிழார்களுமான 22 பேர் பணம் திரட்டி, வெள்ளியாலான ஒரு கோல்ஃப் மட்டையைப் போட்டிப் பரிசாக நிறுவினர். செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃபர் சங்கத்தின் தோற்றம் இதுவே. பத்தாண்டுகளுக்கு முன் எடின்பரோவை அடுத்த லீத் திடலுக்கென எழுதப்பட்டிருந்த 13 விதிகளை இச்சங்கம் ஏறத்தாழ அப்படியே ஏற்றுக்கொண்டது. முதற்போட்டியில் வென்றவர் பிரபு அல்லர். வில்லியம் லாண்டேல் என்னும் உள்ளூர் வணிகர்.

அக்காலத் திடலில் 12 குழிகள் இருந்தன. ஆற்று முகம் வரை ஆடிச் சென்று, அதே குழிகளின் வழியே திரும்பி வருவர். பத்துக் குழிகள் இருமுறை ஆடப்பட்டதால் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆயின. 1764இல் முதல் நான்கு குழிகள் மிகக் குறுகிய தொலைவில் உள்ளன எனக் கருதி அவற்றை இரண்டாக்கினர். போகும்போது இரண்டும் வரும்போது இரண்டும் குறைய, எண்ணிக்கை 18 ஆயிற்று. உலகெங்கும் இன்று கோல்ஃப் திடலுக்கு 18 குழிகள் என்னும் நெறி ஓர் ஊரின் நிலக்கிடப்பில் நிகழ்ந்த இச்சிறு திருத்தத்திலிருந்து பிறந்தது. இதற்குப் பின்னாளில் கற்பிக்கப்பட்ட வேறு விளக்கங்கள் சுவையானவை, சான்றற்றவை.

1834இல் நான்காம் வில்லியம் மன்னர் புரவலராக இசைந்ததால் சங்கம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. 1854இல் முதற்குழியின் தொடக்கத்துக்குப் பின்னால் கழகக் கட்டடம் எழுந்தது. கட்டடம் கழகத்தின் சொத்து. அதன் வாசலில் தொடங்கும் திடல் எக்காலத்தும் கழகத்தின் தனியுடைமையாக நிலைத்ததில்லை.

மேட்டுக்குடியினர் மட்டுமே அங்கு ஆடினர் என்னும் எண்ணமும் திருத்தத்துக்குரியது. 1843இல் தச்சர், கல்தச்சர், தையற்காரர் போன்ற கைத்தொழிலாளர் சிலர் கூடி ‘மெக்கானிக்ஸ் கோல்ஃப் கழகம்’ என்னும் அமைப்பை நிறுவினர். அதுவே பின்னர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கழகம் எனப் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. பிரபுவும் தச்சரும் வெவ்வேறு கழகங்களில் இருந்தனர். வெவ்வேறு மேசைகளில் உண்டனர். ஆனால் ஒரே திடலில், கட்டணமின்றி ஆடினர். இங்கிலாந்திலும் பின்னர்க் குடியேற்ற நாடுகளிலும் வேலியிட்டு எழுந்த கோல்ஃப் கழகங்களுக்கும் செயின்ட் ஆண்ட்ரூசுக்கும் இடையிலான அடிப்படை வேற்றுமை இதுவாகும்.

முயல் வழக்கு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர்மன்றம் கடனில் மூழ்கியது. 1797இல் அது திடலை விலைக்குக் கொடுத்தது. கோல்ஃப் ஆடும் பகுதிக்குக் கேடு நேரக்கூடாது என்னும் நிபந்தனை விற்பனையில் இருந்தது. நிலம் விரைவில் டெம்ஸ்டர் என்னும் வணிகக் குடும்பத்தின் கைக்கு வந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் முயல் நல்ல விலை போன காலம் அது. 1799 முதல் திடலில் முயல் வளர்ப்புத் தொழில் தொடங்கியது.

திடலுக்கு முயல் புதிதன்று. 1552ஆம் ஆண்டு ஆவணமே முயலை முன்னிட்டு எழுந்ததுதான். புல்லைக் கறித்துக் குறும்புல்லாக வைத்திருந்ததில் முயலுக்கும் ஆட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிய பள்ளங்களே மணற்குழிகளாக விரிந்தன என்பதும் மரபான விளக்கம். மாறியது முயலின் தொகையும் அதன் உடைமையும் ஆகும். விலங்கு பெருகப் பெருக வளைகள் பெருகின. பந்து விழுந்த இடமெல்லாம் வளையாயிற்று. முயலோ இப்போது ஒருவரின் சரக்கு. அதைக் கொன்றால் திருட்டு என்றாயிற்று. ஊரார் சிலர் திடலுக்குச் சென்று முயல்களைக் கொன்றனர், மோதல்கள் நிகழ்ந்தன. கோல்ஃபர் சங்கம் பணம் திரட்டி நீதிமன்றத்தை நாடியது.

வழக்கின் உள்ளடக்கம் விளையாட்டைக் கடந்தது. நிலத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதில் தாம் விரும்பிய தொழிலைச் செய்யலாமா? அல்லது அந்நிலத்தின்மேல் ஊராருக்குள்ள வழக்காற்றுரிமை வாங்கியவரையும் கட்டுப்படுத்துமா? மேய்ச்சலும் வழியும் நீரும் சட்டம் அறிந்த பொதுவுரிமைகள். பொழுதுபோக்கான ஓர் ஆட்டம் அத்தகைய உரிமையாக முடியுமா? எடின்பரோவிலிருந்த ‘கோர்ட் ஆஃப் செஷன்’ எனப்படும் உயர்நீதிமன்றம் 1805இல் ஊராரின் பக்கம் நின்றது. ஆட்டத்துக்கு இடையூறான முயல்களைக் கொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டென ஏற்றது. டெம்ஸ்டர் குடும்பத்தார் லண்டனுக்கு மேல்முறையீடு கொண்டு சென்றனர். சட்ட அறிக்கைகளில் ‘டெம்ஸ்டர் எதிர் கிளெக்ஹார்ன்’ எனப் பதிவான அவ்வழக்கில், 1813இல் பிரபுக்கள் அவை முடிவான தீர்ப்பு வழங்காமல், மறுஆய்வுக்கென எடின்பரோவுக்கே திருப்பி அனுப்பியது.

உரிமை சட்டத்தால் முற்றாக நிலைநாட்டப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. கழகச் சார்பு நூல்கள் இதனை ஒரு வெற்றியாகக் கொண்டாடுகின்றன. உண்மையில் வழக்கு இழுபறியாகவே தேய்ந்தது. ஊரார் விட்டுக்கொடாமல் இருபதாண்டுகள் ஆடிக்கொண்டே வழக்காடியதும் எதிர்த்தரப்பின் தொழில் நலிந்ததுமே முடிவைத் தந்தன. 1821இல் ஸ்ட்ராத்டைரம் பண்ணையின் உரிமையாளரும் கோல்ஃபருமான ஜேம்ஸ் சீப் திடலை விலைக்கு வாங்கினார். முயல் வளர்ப்பு முடிவுற்றது. நிலம் மீண்டும் தனியார் உடைமையாகவே இருந்தது. ஆனால் அதன் உடைமையாளர் ஊராரின் ஆட்டத்துக்குத் தடை செய்யவில்லை. ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தில் தொங்கிய இந்த ஏற்பாடு எழுபதாண்டுகள் நீடித்தது வியப்புக்குரியதே.

கிளெக்ஹார்ன்: இலங்கையும் சென்னையும்

வழக்கின் தலைப்பில் நிலைத்த கிளெக்ஹார்ன் என்னும் பெயர் தமிழ் வரலாற்றாய்வாளர்களுக்குப் புதியதன்று. ஹியூ கிளெக்ஹார்ன் (1752–1837) செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1773 முதல் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1795இல் டச்சுக்காரரின் ஊதியத்தில் கொழும்பைக் காத்துநின்ற சுவிஸ் படைப்பிரிவின் உரிமையாளரான டி மியூரோன் பிரபுவைப் பேச்சுவார்த்தையால் ஆங்கிலேயர் பக்கம் திருப்பினார். 1796 பிப்ரவரியில் கொழும்பு ஏறத்தாழப் போரின்றியே ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. 1798இல் இலங்கையின் முதற் குடியேற்றச் செயலராக அமர்த்தப்பட்டார். டச்சு ஆட்சிக் காலத்து நீதிமுறை, வருவாய்முறை குறித்து 1799 ஜூன் மாதம் அவர் எழுதிய குறிப்பு ‘கிளெக்ஹார்ன் குறிப்பு’ எனப்படும். தீவைச் சிங்களரும் தமிழரும் ஆகிய இரு வேறு மக்களினங்கள் பண்டுதொட்டுப் பகிர்ந்து வாழ்ந்தனர் என அதில் கூறப்படும் கருத்து, இலங்கைத் தமிழர் அரசியலில் மீண்டும் மீண்டும் மேற்கோளாகி வருவது. சிங்களரின் தோற்றம் சயாம் நாடு எனக் கூறுவது போன்ற பிழைகளும் அக்குறிப்பில் உண்டு. அதனைத் தனிச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

ஆளுநர் ஃபிரடெரிக் நார்த்துடன் கொண்ட பிணக்கால் 1800இல் பதவி துறந்து ஊர் திரும்பிய கிளெக்ஹார்ன், நகரை அடுத்த ஸ்ட்ராவிதீ பண்ணையில் வாழ்ந்தார். திடல் வழக்கில் முன்நின்றது இக்காலத்திலாகும். ஓர் ஆட்சி மாறும்போது அம்மண்ணின் பழைய வழக்காறுகளுக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வியைக் கொழும்பில் நிர்வாகியாகச் சந்தித்தவர், நில உடைமை மாறும்போது ஊர் வழக்காற்றுக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வியைத் தம் ஊரில் வழக்காடியாகச் சந்தித்தார். முன்னதிலிருந்து பின்னது விளைந்தது எனக் கூற இடமில்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றே என்பது மட்டும் தெளிவு.

இவ்வரலாற்றுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. அவருடைய மகன் சென்னையில் நீதிமன்றப் பணியிலிருந்தார். 1820இல் சென்னையில் பிறந்த பேரன் ஹியூ ஃபிரான்சிஸ் கிளார்க் கிளெக்ஹார்ன், சிறுவயதில் ஸ்ட்ராவிதீக்கு அனுப்பப்பட்டுப் பாட்டனாரின் பராமரிப்பில் வளர்ந்தார். பின்னர் மருத்துவராகச் சென்னை மாகாணப் பணிக்கு வந்து, 1856இல் அம்மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். மலைவாழ் மக்கள் காட்டை எரித்துப் பயிரிடும் ‘குமரி’ வேளாண்மையைக் கட்டுப்படுத்த வேண்டுமென வலியுறுத்தியவர் அவர். 1860இல் சென்னை அரசு அதனைத் தடைசெய்தது. ஊராரின் வழக்காற்றுரிமைக்காக லண்டன் வரை சென்ற வழக்கில் பெயர் பதித்த பாட்டனாரின் வீட்டில் வளர்ந்தவர், வேறொரு நாட்டில் மலைமக்களின் வழக்காற்றுரிமையை அரசின் பெயரால் சுருக்கினார். ஸ்காட்லாந்தில் வழக்காறாகத் தெரிந்தது இந்தியாவில் கேடாகத் தெரிந்ததன் காரணத்தைத் தனிமனித இயல்பில் தேடுவதைவிடக் குடியேற்ற ஆட்சியின் இயல்பில் தேடுவதே பொருந்தும்.

பந்தும் திடலும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பந்து என்பது தோலுறைக்குள் இறகைத் திணித்துத் தைத்ததாகும். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு பந்துகளே செய்ய முடியும். மழையில் நனைந்தால் தையல் விடும். இத்தொழிலில் முதல்வராக விளங்கிய ஆலன் ராபர்ட்சன் (1815–1859) தம் வீட்டுச் சமையலறையையே பட்டறையாக்கி, 1844இல் மட்டும் 2,456 பந்துகள் செய்தார் எனக் கணக்கு உண்டு. அவரிடம் தொழில் பயின்றவர் டாம் மோரிஸ் (1821–1908).

1848 அளவில் மலாயாக் காடுகளின் மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவால் உருட்டிய பந்து அறிமுகமாயிற்று. இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூசில் பேட்டர்சன் என்பவருக்கு அனுப்பப்பட்ட ஒரு திருமால் சிலையைப் பொதிந்து வந்த கட்டாபெர்ச்சாத் துண்டுகளிலிருந்தே முதற்பந்து உருட்டப்பட்டது என்னும் கதை அவ்வூரில் வழங்குகிறது. கதையின் மெய்ம்மை ஐயத்துக்குரியது. சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் 1843இல் லண்டனுக்கு அனுப்பிய மாதிரிகளுக்குப் பின் அப்பொருள் பிரிட்டனில் பரவலாகக் கிடைத்தது என்பதே உறுதியான செய்தி. புதிய பந்து ஏறத்தாழ ஒரு ஷில்லிங்குக்குக் கிடைத்தது. இறகுப் பந்தின் விலை அதைப் போலப் பன்மடங்கு. தம் தொழிலுக்கு வந்த கேட்டை உணர்ந்த ராபர்ட்சன் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மோரிஸ் புதிய பந்தால் ஆடியதே இருவரின் பிரிவுக்குக் காரணமாயிற்று. 1851இல் மோரிஸ் மேற்குக் கரையிலுள்ள பிரஸ்ட்விக் திடலுக்குப் பணிக்குச் சென்றார்.

மலிவான பந்து ஆடுவோரைப் பெருக்கியது. 1852இல் இருப்புப் பாதை ஊருக்கு வந்தது; வெளியூரார் திரண்டனர். போவோரும் வருவோரும் ஒரே குழிக்கு ஆடுவது இடையூறாயிற்று. எனவே புற்பரப்புகளை அகலமாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் வெட்டினர். இன்றுவரை பழைய திடலில் ஏழு இரட்டைப் புற்பரப்புகள் உள்ளன. ஒரே பரப்பைப் பகிரும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். வடிவமைப்பாளர் எவரும் வரைந்த திட்டமன்று இது; நெரிசலுக்கு ஊரார் கண்ட வழி.

1864இல் கழகம் மோரிஸைத் திடல் காவலராக மீண்டும் அழைத்துக்கொண்டது. ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம். கருவிகளாக ஒரு கைவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி. புல்லின்மேல் மணலைத் தூவினால் வேர் செழிக்கும் என்பதை அவர் பட்டறிவால் கண்டார். இன்றைய திடல் பராமரிப்பில் மணல் தூவுதல் அடிப்படை முறையாக இருப்பதற்கு அவரது பட்டறிவே முன்னோடி. ஞாயிற்றுக்கிழமையில் திடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

திடலைத் துணி உலர்த்தப் பயன்படுத்திய பெண்களின் உரிமையும் இக்காலத்தில் மதிக்கப்பட்டது. விரித்த துணியின்மேல் பந்து விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இருந்தது. ஆட்டத்தைப் பொறுத்தவரை பெண்களுக்கு 1867இல் தனிச் சங்கம் அமைந்தது. ஆனால் குழிக்கருகே பந்தை மெல்ல உருட்டும் ஆட்டம் மட்டுமே அவர்களுக்கு உரியதெனக் கருதப்பட்டது. மேடுபள்ளம் மிகுந்த அவ்விடத்துக்கு ‘ஹிமாலயாஸ்’ என்று பெயர்.

நிலம் ஊருக்குத் திரும்புதல்

1890களின் தொடக்கத்தில் சீப் குடும்பம் நிலத்தை விற்க இசைந்தபோது, வாங்க முன்வந்தது கழகம். விலை 5,000 பவுண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் திடலை விற்ற நகர்மன்றம் இம்முறை விழித்துக்கொண்டது. கழகம் வாங்கிவிட்டால், அதுவரை வழக்காறாக இருந்தது கழகத்தின் சலுகையாகிவிடும் என்னும் அச்சம் நகரத்தில் எழுந்தது. வழக்கு ஏதுமின்றி நாடாளுமன்றத்தின் வழியே தீர்வு காணப்பட்டது. 1894ஆம் ஆண்டுத் திடல் சட்டம் நிலத்தை நகரத்தின் உடைமையாக்கிற்று. திடலைப் பராமரிக்கும் பொறுப்பும், நெரிசலைக் குறைக்கப் புதிய திடல் ஒன்றைத் தன் செலவில் அமைக்கும் கடமையும் கழகத்துக்கு விதிக்கப்பட்டன. நிர்வாகக் குழுவில் கழகத்தார்க்கே பெரும்பான்மை அமைந்தது. மோரிஸ் அமைப்பில் பங்கேற்ற ‘நியூ’ திடல் 1895இல் திறக்கப்பட்டது. பழையது ‘ஓல்ட்’ திடல் எனப் பெயர் பெற்றது அதன் பின்னரே.

பணம் கொடுத்தவர் ஒருவர், உடைமையாளர் வேறொருவர், ஆடுவோர் ஊரார் என்னும் இவ்வமைப்பு விந்தையானது. நிர்வாகத்தில் கழகத்தின் கை ஓங்கியிருந்ததை உள்ளூரார் பலகாலம் முணுமுணுத்தனர். எனினும், 1797இல் இல்லாத ஒன்று 1894இல் கிடைத்தது. ஊராரின் வழக்காறு, நிலக்கிழாரின் நல்லெண்ணத்திலிருந்தும் நீதிமன்றத்தின் ஐயத்திலிருந்தும் விடுபட்டுச் சட்டமாயிற்று.

1897இல் ‘ஜூபிலி’ திடலும் 1914இல் ‘ஈடன்’ திடலும் அமைந்தன. வெளியூராரிடம் ஓல்ட் திடலில் கட்டணம் பெறத் தொடங்கியது 1913இல். உள்ளூர்க் குடியினர் முதன்முதலாகக் கட்டணம் செலுத்தியது 1946இல். உள்ளாட்சிச் சீரமைப்பால் 1975இல் பழைய நகர்மன்றம் மறையும் நிலை வந்தபோது, யாரிடம் நிலத்தை ஒப்படைப்பது என்னும் கேள்வி மீண்டும் எழுந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் தனி அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. அறங்காவலர் எண்மர்: கழகம் நியமிப்போர் மூவர், உள்ளாட்சி மன்றம் நியமிப்போர் மூவர், அரசு நியமிப்பவர் ஒருவர், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். நிலத்தை நகர மக்களுக்கும் அங்கு வருவோர்க்கும் உரிய பொதுப் பூங்காவாகவும் பொழுதுபோக்கிடமாகவும் பேண வேண்டும் என்பதே அறக்கட்டளையின் கடமையாக எழுதப்பட்டது. கழகத்தில் பெண்களுக்கு உறுப்புரிமை 2014 செப்டம்பர் 18ஆம் நாள் வாக்கெடுப்பின் பின்னரே கிடைத்தது. அதே நாளில்தான் ஸ்காட்லாந்து விடுதலை குறித்த பொதுவாக்கெடுப்பும் நடந்தது. திடலில் பெண்கள் ஆடத் தொடங்கி நெடுங்காலம் ஆகியிருந்தது. கதவு திறக்கக் காத்திருந்தது கழகக் கட்டடம் மட்டுமே.

இன்று அறக்கட்டளையின் பொறுப்பில் ஏழு திடல்கள் உள்ளன. ஓல்ட் திடலில் ஆட விரும்பும் வெளியூரார் பலர் குலுக்கலில் பெயர் வருமா எனக் காத்திருக்கின்றனர். நகரத்தில் குடியிருப்போர் குறைந்த கட்டணத்தில் ஆண்டுச் சீட்டுப் பெற்று ஆடுகின்றனர். பெரும்போட்டிக் காலங்கள் தவிர ஞாயிறுதோறும் ஓல்ட் திடலில் ஆட்டம் இல்லை. அன்று ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்வெளியில் உலவுகின்றனர். மற்ற நாள்களிலும் முதற்குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய வெளியைக் குறுக்கே வெட்டிக் கடற்கரைக்குச் செல்கிறது ‘கிரானி கிளார்க்ஸ் வைண்ட்’ என்னும் பொதுவழி. அவ்வழியில் ஒருவர் நடந்து கடக்கும்வரை, மட்டையை ஓங்கி நிற்பவர் காத்திருக்க வேண்டும்.